நடுக் குமிழ்

அத்தியாயம் ஒன்பது

குருவி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாள் என்பது வரைக்கும் போன வாரம் பார்த்தோம். அந்தச் சிரிப்பு மனசிலிருந்து வந்ததா, பல்லிலிருந்து வந்ததா என்பதை இன்றைக்குப் பார்த்துவிடலாம்.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஆள் சின்னதாக இருப்பதால் வீட்டில் அவள் குருவி. காது பரிசோதனை நிலையத்தில் வேலை. அண்ணன் டிரம்ஸ், தங்கை இவள் கிட்டார் என்று பள்ளிக்கூட நாளிலேயே ஆரம்பித்த ஒரு பாட்டுக் குழு அவர்களுக்கு உண்டு. பிறகு ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். கீழ் ஓசை தருகிற பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். அப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கேக் கடையில் க்ரீமில் பூப் போடுகிற அண்ணி வீட்டுக்கு வந்தாள். அவள் கிட்டாரும் வாசிப்பாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. குருவியைவிட நன்றாக வாசிப்பாள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

முதலில் தெரிந்துகொண்டவள் குருவிதான். காதுதானே அவள் பிழைப்பு.

கடைசிப் பாட்டின் சோலோ இத்தனை வருஷமாகக் குருவியுடையது. டாக்டர் பாடுவதை நிறுத்துவார், கிட்டார் ஒன்று மட்டும் முன்னால் வந்து பேசும். அந்த இடத்தைத்தான் அண்ணன் போன வாரம் தூக்கி அண்ணியிடம் கொடுத்தான். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. போதாததற்கு அம்மா, துணி மடித்துக்கொண்டே, தன் பாட்டுக்குச் சொன்னாள்.

"அவ வாசிச்சா பாட்டு மாதிரி இருக்கு. நீ வாசிச்சா வேலை பாக்குற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து குருவிக்குச் சோறு இறங்கவில்லை.

கர்ஜனை வேண்டிய சோலோ அது. அண்ணியிடம் இருந்ததோ தண்ணீர் மாதிரி தெளிந்த ஓசை. காலால் மிதித்தால் அந்த ஓசையைக் கிழித்து, நீட்டி, பெருக்கித் தருகிற டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று தேவைப்பட்டது, அதுவும் ஓசையைக் கரகரப்பாக்குகிற கெய்ன் பலமாக உள்ளது. குருவியின் பழைய பெடலை வாங்கிக்கொள் என்று அண்ணன் சொன்னதற்கு அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அது அவள் குரல், அதை நான் எப்படிக் கேட்பேன் என்றாள். குருவியே கூட வந்து நல்லதாக ஒன்று பொறுக்கித் தரட்டும் என்றாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

சாயங்காலம் கச்சேரி. ஒரு பெரிய குழு மேடையேறுவதற்கு முன்னால் இவர்களுக்கு மூன்று பாட்டு. காலையில் நாத்தனாரும் அண்ணியும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று பெடல்களை எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற இரும்புப் பெட்டிகள்.

முதலில் சிவப்பு. அண்ணி மிதித்து ஒரு கம்பியைத் தட்டினாள். டப்பாவில் அடைத்த கொசுக் கூட்டம் மாதிரி இரைந்தது. வேண்டாம் என்றாள் குருவி, உண்மையாகவே. அடுத்தது நீலம். கர்ஜனை இருந்தது, ஆனால் ஓசையைத் திருத்த ஒரே ஒரு குமிழ்தான். இந்தப் பக்கம் திருப்பினால் மங்கல், அந்தப் பக்கம் திருப்பினால் கீச்சு. அதையும் தள்ளினாள்.

மூன்றாவது கறுப்பு. கெய்ன் தனி, சத்தம் தனி. கீழ் ஓசை, நடு ஓசை, மேல் ஓசை மூன்றுக்கும் ஆளுக்கொரு குமிழ். குருவி தானே கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்தாள். எத்தனை கெய்ன் ஏற்றினாலும் விரலின் அழுத்தம் தெரிந்தது. மெல்லத் தொட்டால் முனகியது, அழுத்தினால் உறுமியது. இது தன் காலடியில் அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

"இதான் அண்ணி. இதை எடுத்துக்கங்க" என்றாள்.

பெட்டி விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பொய்.

கெய்னைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். கீழ் ஓசையைக் கடைசி வரைக்கும். மேல் ஓசையையும் அப்படியே. நடுக் குமிழை மட்டும் பிடித்து, ஒன்றுமே இல்லாத பக்கம், அடியோடு இறக்கினாள். அப்புறம் கிட்டாரை அண்ணியிடம் கொடுத்தாள்.

அண்ணி ஒரு தட்டுத் தட்டினாள். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. தரையிலிருந்து ஏறிக் காலுக்குள் புகுந்தது அந்த ஓசை. அண்ணிக்கு வாயெல்லாம் பல். சந்தோஷத்தில் குருவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இவ்வளவு பெரிசா நான் வாசிச்சதே இல்ல, குருவி."

"இப்படியே வச்சுக்கங்க. ஒண்ணையும் தொடாதீங்க" என்றாள் குருவி.

கடைக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்தார். கூட டிரம்ஸும் பேஸும் உண்டா என்று கேட்டார். அண்ணி பதில் சொல்வதற்குள் குருவி முந்திக்கொண்டு, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் பெட்டியைக் கட்டித் தந்தார்.

குருவி என்ன செய்தாள் என்று இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மனுஷன் பேசுகிற பேச்சு உட்கார்ந்திருப்பது ஓசையின் நடுப்பகுதியில்தான். குருவியின் நிலையத்துக்கு வருகிறவர்களில் சிலருக்கு இடி கேட்கும், விசில் கேட்கும், பெண்டாட்டி பேசுவது மட்டும் கேட்காது. கிட்டாரும் பேசுவது அதே நடுவில்தான். நடுவைப் பிடுங்கிவிட்டாலும் தனியாகக் கேட்கும்போது கீழேயும் மேலேயும் பிரமாதமாக இருக்கும். கூட நாலு பேர் வாசித்தால் கீழ் ஓசையைப் பேஸ் விழுங்கிவிடும், மேல் ஓசையை டிரம்ஸின் தாளத்தட்டு விழுங்கிவிடும். மிச்சம் ஒன்றும் இருக்காது.

தினமும் வேலையில் பார்க்கிற விஷயம் இது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

மத்தியானம் வண்டி நிறுத்துகிற அறையில் ஒத்திகை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புதுப் பெட்டியைப் பார்த்து டாக்டர் ஒரு நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதையும் குருவி பார்த்தாள்.

கடைசிப் பாட்டு. டாக்டர் பாடி முடித்தார். அண்ணி பெடலை மிதித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

சத்தம் வந்தது, கிட்டார் வரவில்லை. டிரம்ஸுக்கு அடியில் ஏதோ ஒரு லாரி நிற்பதுபோல உறுமல், மேலே எண்ணெய் காய்வதுபோல ஒரு சீறல். நடுவில் அண்ணியின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, ஊமைப் படம் மாதிரி.

அண்ணன் நிறுத்தினான். சத்தத்தைக் கூட்டச் சொன்னான். கூட்டினாள். உறுமல்தான் கூடியது. மறுபடி நிறுத்தினான். இந்த முறை கெய்ன் நிறைந்த பெடல் தன் குணத்தைக் காட்டியது. கையெடுத்த மறுநொடி, தொடாத கம்பியெல்லாம் சேர்ந்து வீலென்று கத்தியது. அண்ணி பதறிப்போய் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினாள். மூன்றாவது தடவையும் அதே கதைதான். அண்ணன் குச்சிகளைத் தொடையில் போட்டான்.

"கையில அழுத்தமே இல்ல. ஏன் இப்படிப் பயந்து பயந்து வாசிக்கிற?"

கல்யாணம் ஆன பிறகு அண்ணியிடம் அவன் குரல் அப்படித் தடித்து யாரும் கேட்டதில்லை. அண்ணி காது மடல் சிவக்கத் தரையைப் பார்த்தாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாயங்காலத்துக்கு நேரமில்லை, பழையபடி குருவியே வாசித்துவிடட்டுமே என்றார். அண்ணனும் யோசிக்காமல் ஆமென்றான்.

குருவி தன் பழைய பெடலில் சோலோவை வாசித்தாள். தப்பில்லாமல் வாசித்தாள். அண்ணன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். சின்ன வயசிலிருந்து ஆட்டுகிற அதே தலையாட்டல். நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தக் குளுமை வீட்டுக்குள் போகிற வரைக்கும் தாங்கியது.

உள்ளே, மாடி அறையில், அண்ணி அந்தப் பெட்டியை மறுபடி இணைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். சின்ன அறை என்பதால் ஓசை காலையில் கேட்டதைவிடப் பிரமாதமாக இருந்தது. குருவி கதவருகில் நின்றாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தாள், ஆனால் மறைக்கவில்லை.

"தனியா இருக்குறப்ப நல்லாதான் இருக்கு. உங்களோட சேர்ந்தா நான் காணாமப் போயிடுறேன்."

அண்ணி அதோடு விடவில்லை. பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் எங்கேயோ போய்விட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக இதேதான் என்றாள். அண்ணனும் தங்கையுமாக நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், எங்கே நிறுத்துவது எங்கே எடுப்பது என்று புரிந்துவிடுகிறது. சாப்பிடும்போது ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் சிரிக்கிறீர்கள். எனக்கு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையிலும் அவர் கண் உன் பக்கம்தான், என் பக்கம் திரும்பினால் சரியாக வாசிக்கிறேனா என்று பார்க்கத்தான் என்றாள்.

"உன்மேல எனக்கு அவ்வளவு பொறாமை, குருவி. சொல்லக் கூடாது. ஆனா இருக்கு."

தான் மாதக்கணக்காக உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த வார்த்தையை அண்ணி சர்வசாதாரணமாக எடுத்து வெளியே வைத்துவிட்டாள். குருவிக்கு அப்போதே அந்தக் குமிழைத் திருப்பிவிட வேண்டும் போலிருந்தது. கையும் நீண்டது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அண்ணன், வண்டி வந்துவிட்டது, சாமான்களை ஏற்றுங்கள் என்று குரல் கொடுத்தான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பையில் போட்டாள்.

மேடையில் ஒலி சரிபார்க்க அவர்களுக்கு ஆளுக்கொரு நிமிஷம்தான் கொடுத்தார்கள். சேர்ந்து வாசித்துப் பார்க்க நேரமில்லை. அண்ணி தன் பெட்டியை இணைத்ததும் குருவி பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். நடுக் குமிழைப் பாதிக்கு மேலே ஏற்றினாள். கீழ் ஓசையைக் குறைத்தாள். கெய்னையும் பாதியாக இறக்கினாள். இப்ப வாசிச்சுப் பாருங்க என்றாள்.

அண்ணி வாசித்தாள். மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி வந்தது.

தனியாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். மற்றவர்கள் சேர்ந்தால்தான் அது அழகாகும். அதைச் சொல்ல நினைத்தால், காலையில் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குருவி தடுமாறினாள். இது சரியாக இருக்கும் அண்ணி, நம்புங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி குமிழைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள். காலையில் தோளைப் பிடித்து உலுக்கிய பெண் இல்லை அவள்.

"காலையில ஒண்ணையும் தொடாதீங்கன்ன. இப்ப நீயே வந்து கெடுக்குற. சோலோதான் உனக்குக் கிடைச்சாச்சே, இன்னும் என்ன?"

சொல்லிவிட்டு எல்லாக் குமிழ்களையும் பழைய இடத்துக்கே திருப்பிக்கொண்டாள்.

பொய் சொன்னபோது முழுசாக நம்பிய அண்ணி, உண்மையைச் செய்தபோது நம்பவில்லை. யார்மேல் கோபப்படுவது? ஒலிக்காரர் கையைக் காட்டி நேரமாயிற்று என்றார்.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் இரண்டு பாட்டும் பழுதில்லாமல் போயின. அண்ணி ஓரமாக நின்று தாளத்துக்கு மட்டும் வாசித்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நின்றாள்.

கடைசிப் பாட்டு. டாக்டர் பாடி முடித்து மைக்கைவிட்டு நகர்ந்தார். குருவிக்கான இடம் வந்தது. வெளிச்சம் அவள்மேல் திரும்பியது. அண்ணன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

குருவி வாசிக்கவில்லை.

வெளிச்சத்தைவிட்டு இரண்டெட்டு நகர்ந்து, அண்ணியின் காலடியில் குனிந்தாள். நடுக் குமிழைப் பிடித்து ஏற்றினாள். மற்றதை இறக்கினாள். அண்ணி காலை இழுத்துக்கொண்டாள், என்ன செய்கிறாய் என்று உதடு அசைந்தது. அண்ணன் ஒன்றும் புரியாமல், அதே தாளத்தைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தான். டாக்டரும் அதே இடத்தில் நின்று பேஸை உருட்டினார். குருவி எழுந்து அண்ணியின் காதுக்குள் கத்தினாள்.

"வாசிங்க அண்ணி. சத்தியமா இந்தத் தடவை கேக்கும்."

நம்பியா, நம்பாமலா, வேறு வழியில்லாமலா என்று தெரியாது. அண்ணி பெடலை மிதித்தாள்.

முதல் சுரமே அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. டிரம்ஸும் பேஸும் வழிவிட்டு ஒதுங்கின மாதிரி இருந்தது. தொண்டை கரகரத்து, அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு பெண் பேசினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. நீட்டின இடத்தில் ஓசை தேயாமல் நின்றது. நிறுத்தின இடத்தில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி அப்படியே அறுத்தாள். மத்தியானம் அறையில் பழகிக்கொண்டது அது. அண்ணனின் கண் அவள்மேலேயே இருந்தது. சரிபார்க்கிற பார்வை இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

குருவி ஓரத்தில் நின்று, அண்ணி விட்ட தாளத்தைத் தான் எடுத்து வாசித்தாள். நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அந்தச் சோலோவைத் தான் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை, இனி எந்தப் பெட்டியை மிதித்தாலும் வாசிக்கப் போவதுமில்லை என்பது சுரம் சுரமாக அவள் காதில் விழுந்தது. பொறாமை காலையில் இருந்ததைவிட இப்போது அதிகமாகத்தான் எரிந்தது. ஆனால் கை தாளத்தைவிட்டு விலகவில்லை. அண்ணி எங்கே நிறுத்துவாள், எங்கே எடுப்பாள் என்று பார்த்துப் பார்த்துக் கூடவே போனாள்.

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

மேடைக்குப் பின்னால் குறுகலான நடை. சாமான் பெட்டிகளுக்கு நடுவில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கறுப்புப் பெட்டி கையில் இருந்தது. நடுக் குமிழைத் திருப்பி இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள்.

"காது வேலை பாக்குறவளுக்கு இது காலையிலேயே தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் குருவி.

"அப்ப வேணும்னுதான்."

"ஆமா அண்ணி."

அண்ணி கையோங்கவில்லை, திட்டவில்லை. மத்தியானம் அவர் எல்லார் முன்னாலும் என் கையைக் குறை சொன்னாரே, அப்போதும் பேசாமல் நின்றாயே என்று மட்டும் கேட்டாள்.

இதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை என்றாள் அண்ணி. நான் சொன்னால் தங்கையைப் பற்றிப் பெண்டாட்டி கோள் சொன்னதாகிவிடும். நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்கிற வரைக்கும் உன்னோடு ஒரே மேடையில் நிற்க மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னதால் அது இன்னும் கெட்டியாக இருந்தது.

அப்போது பார்த்து அண்ணன் வியர்வை சொட்டச் சொட்ட ஓடிவந்தான். கூடவே பெரிய குழுவின் தலைவி. நாளைக்கும் இதே மேடையில் தங்களுக்கு முன்னால் நீங்களே வாசிக்க முடியுமா என்று கேட்டாள். இரண்டு கிட்டாரும் அப்படிப் பேசிக்கொண்டது தனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இரண்டு பேரும் கண்டிப்பாக வேண்டும் என்றாள். அண்ணன் யாரையும் கேட்காமல் வருகிறோம் என்று கையைக் கொடுத்துவிட்டான்.

தலைவி போன பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான். மத்தியானம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் பெட்டியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க? எனக்கு ஒண்ணுமே புரியல. மத்தியானம் கேக்காதது இப்ப எப்படிக் கேட்டுச்சு?"

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவியைப் பார்த்தாள். ஆனால் வாசல் பக்கம் நகரவில்லை, காத்திருந்தாள்.

அண்ணனுக்குத் தன்மேல் கோபம் வந்ததாக ஒரு நாள்கூடக் குருவிக்கு நினைவில்லை. ஒரு கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"மத்தியானம் அண்ணி கையில தப்பு இல்ல, அண்ணா" என்றாள். "தப்பு என் கையில."

அண்ணன் சிரித்தான், வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சட்டைக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "என்ன பண்ணின?" என்று கேட்டான்.